இரண்டு பீரியடுகளுக்கு நடுவே நின்றுபோன ஒரு கேள்வி

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஒரு பள்ளி நாளைக் காலை மணியிலிருந்து மாலை மணி வரை முழுதாகப் பார்க்கிற பெரியவர் யாரும் இல்லை. கணக்கு டீச்சருக்குத் தன் பீரியடு தெரியும். சயன்ஸ் சாருக்குத் தன் பீரியடுகள் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு காலையில் பை தூக்கிக்கொண்டு போனதும் சாயங்காலம் திரும்பி வந்ததும் தெரியும். நடுவில் நடப்பதை ஒன்றின் பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் அனுபவிக்கிறது பிள்ளை மட்டும்தான். இது என் மனதில் பல நாளாக இருந்த எண்ணம். குமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியின் தலைமையாசிரியையிடம் இதைச் சொன்னபோது, "வந்து உக்காந்து பாருங்க, யார் வேண்டாம்னு சொன்னா" என்றார். திருப்புதல் நடக்கிற காலம். கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். அந்த நாளில் கேட்ட ஒரு கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் இன்னும் எனக்குள் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே நான் பார்த்த இரண்டு ஆசிரியர்களும் நல்ல ஆசிரியர்கள். பாடத்தை உருப்போட வைத்து அனுப்புகிறவர்கள் இல்லை. அவர்கள் சரியில்லாதவர்களாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சிலையும் சாய்வும்

இரண்டாவது பீரியடு கணக்கு. முக்கோணவியல் திருப்புதல். புத்தகத்தில் இருக்கிற கோபுரம், கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு டீச்சர் கரும்பலகையில் திருவள்ளுவர் சிலையை வரைந்தார். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. பாறை மட்டத்தில் நின்று பார்க்கிறவருக்குச் சிலையின் உச்சி 45 டிகிரி ஏற்றக்கோணத்தில் தெரிகிறது என்றால் அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? வகுப்பே 133 என்று கத்தியது. அதே இடத்தில் நின்று பீடத்தின் உச்சியைப் பார்த்தால் கோணம் என்ன? இப்போது சத்தம் இல்லை. 38-ஐ 133-ஆல் வகுத்து, ஏறக்குறைய 0.286 என்று வந்ததும், அட்டவணையைப் பார்த்து 16 டிகிரி என்று ஒரு பையன் சொன்னான். "அங்க நின்னா கடல்ல விழுந்துருவாரே டீச்சர்" என்று இன்னொருவன். "அதனாலதான் கரையில இருந்து ரெண்டு இடத்துல நின்னு ரெண்டு கோணம் அளக்கணும்" என்று டீச்சர் அந்தச் சிரிப்பையே அடுத்த கணக்குக்குப் படியாக்கினார். நன்றாக இருந்தது. 1802-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டனின் ஆட்கள், முக்கோணம் மேல் முக்கோணமாக இந்தக் குமரி முனை வரை வந்ததும் இதே வழியில்தான். அளக்க முடியாத தூரத்தை, அளக்க முடிந்த ஒரு பக்கத்தையும் கோணங்களையும் வைத்துப் பிடித்தார்கள்.

பிறகு டீச்சர் ஆயத்தொலை வடிவியலுக்குப் போனார். ஒரு கோட்டின் சாய்வு என்பது அதன் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பு. முக்கோணவியலில் பார்த்த அதே டேன்தான். 30 டிகிரிக்கு ஒன்றின் கீழ் வர்க்கமூலம் 3. அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், எங்க அப்பா ரப்பர் வெட்டுக்குப் போவாவ. மரத்துல கோடு போடுததும் முப்பது டிகிரியாக்கும். அது ஏன் டீச்சர் முப்பது?"

பால் எடுக்க ரப்பர் மரப் பட்டையில் சாய்வாகப் போடுகிற வெட்டைத்தான் அவள் கோடு என்றாள். டீச்சரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நல்ல கேள்வி மக்களே" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று புத்தக வினாக்கள் பலகையில் காத்திருந்தன. "மரத்துக்க காரியமில்லியா, அத சயன்ஸ் சாரிட்ட கேளு."

பிள்ளை உட்கார்ந்தாள். குறிப்பேட்டின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டாள். அது கேள்விதான் என்று பிறகு தெரிந்தது.

நான்காவது பீரியடு

சயன்ஸ் சார் தாவரங்களில் கடத்துதல் பாடத்தைத் திருப்பினார். சவ்வூடு பரவல், விறைப்பு அழுத்தம், நீராவிப்போக்கு. தலைப்புகளைக் கேட்டாலே தூக்கம் வரும் என்று நினைக்கிறவர்கள் அவர் வகுப்பில் உட்கார வேண்டும். சொல்லத் தொடங்கும்போதே ரப்பரைத்தான் எடுத்தார். விடியுமுன் வெட்டினால்தான் பால் கூடுதலாக வரும், ஏன்? கேட்டுவிட்டு அவரே வரிசையாகப் பதிலை இழுத்தார். இரவில் இலைத்துளைகள் மூடிவிடும், நீர் வெளியே போவது குறையும். வேர் உறிஞ்சுவது நிற்காது. செல்கள் நீரால் நிறைந்து விறைக்கும். பால்குழாய்களுக்குள் அழுத்தம் ஏறும். அந்த நேரத்து அழுத்தம் கார் டயரில் இருக்கிற காற்றைப் போலப் பல மடங்கு. கத்தி பட்டதும் பால் அழுத்தத்தால் தள்ளப்பட்டு வெளியே வரும். வெயில் ஏற ஏற இலை நீரை விட ஆரம்பிக்கும், அழுத்தம் இறங்கும், வெட்டினாலும் பால் குறைவு. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் விடியுமுன் தலையில் லைட்டு கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர். அவர்கள் ஏன் அந்த நேரத்தில் எழுகிறார்கள் என்பதற்குப் பாடப்புத்தகத்தின் ஒரு சொல் காரணமாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்த கணம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்து பட்டை. பால்குழாய்கள் உள்பட்டையில், உணவைக் கடத்துகிற ஃபுளோயத்தோடு இருக்கின்றன. அதற்கும் உள்ளே, புதுப் பட்டையை வளர்க்கிற மெல்லிய அடுக்கான கேம்பியம். கத்தி கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் காயம், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, மேடு பள்ளமாகிவிடும். அதனால் நல்ல வெட்டுக்காரர் கேம்பியத்துக்கு வெளியே 1 மில்லிமீட்டர் விட்டு நிறுத்துவார். சார் பலகையில் மரத்தின் குறுக்குவெட்டை வரைந்து, கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று சிவப்புச் சாக்பீஸால் கோடு போட்டார்.

பிள்ளை மறுபடி எழுந்தாள்.

"சார், கோடு ஏன் முப்பது டிகிரி?"

சார் ஒரு நிமிடம் யோசித்தார். தட்டிக்கழிக்கிற முகம் இல்லை அது. "பால் வழியாம ஓடி வரணும்லா, அதுக்குச் சரிவு வேணும்" என்றார். "ஆனா கரெக்டா முப்பதுன்னு வாறது... கோணமெல்லாம் கணக்கு டீச்சரிட்ட கேக்கணும் மக்களே." மதிய மணி அடித்தது.

அந்தப் பிள்ளை 'டீச்சர் உங்களிட்ட கேக்கச் சொன்னாவ சார்' என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. முகத்தில் ஏமாற்றமும் இல்லை. சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தோழிகளோடு போய்விட்டாள். என்னை உறுத்துவது அதுதான். இரண்டு பேர் மாறி மாறிக் கைகாட்டிய ஒரு கேள்வி கடைசியில் யாரிடமும் போய்ச் சேராமல் நின்றது அவளுக்கு விசித்திரமாகவே படவில்லை. பத்து வருடப் பள்ளிக்கூடம் அவளுக்கு அதைப் பழக்கிவிட்டிருக்கிறது. கணக்கு ஒரு அறை, அறிவியல் இன்னொரு அறை, இரண்டுக்கும் நடுவே தாழ்வாரம், தாழ்வாரத்தில் பாடம் நடக்காது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் அப்பாவின் கையில் இருக்கிற கத்தியிலிருந்து ஒரு கேள்வியை உண்டாக்கி, அதைச் சரியான இடத்தில் இரண்டு முறை எழுப்பியிருக்கிறாள். இதற்கு மேல் ஒரு மாணவி என்ன செய்ய முடியும்?

மத்தியானம் வேதியியல். கார்பன் சேர்மங்கள், கார்பாக்சிலிக் அமிலங்கள். ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றினால் ஏன் உறைகிறது என்று சார் கேட்டார். இதே பிள்ளைதான், ஆசிட்டை எப்படித் தண்ணீரில் கலந்து ஊற்றுவார்கள், எவ்வளவு நேரத்தில் தட்டில் கட்டியாகும், ஷீட்டு அடிக்கிற மிஷினில் எப்படி அழுத்துவார்கள், சிரட்டையில் தானாக உறைந்ததை ஏன் ஒட்டுப்பால் என்று தனியாக விலை போடுவார்கள் என்றெல்லாம் சொன்னாள். சார் அவளைப் பேசவிட்டார். பிறகு, ரப்பர் துகள்களின் மேல் இருக்கிற எதிர் மின்சுமைதான் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளி வைத்திருக்கிறது, அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையைத் தணித்துவிடுகின்றன, துகள்கள் சேர்ந்துவிடுகின்றன என்று முடித்தார். உறையக்கூடாது என்றால் ஏன் அம்மோனியா சேர்க்கிறார்கள் என்பதையும் அந்தப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கேள்வியும் பதிலும் ஒரே பாடத்துக்குள் இருந்ததால் வழியில் எங்கும் நிற்கவில்லை.

மரத்தை விரித்தால்

நான் தகரத்தில் குழாய் வளைவுகள், காற்றுக் குழாய்கள் செய்வதற்கான வரைபடம் போடுகிறவன். வளைந்த பரப்பைத் தட்டையாக விரித்து வரைவதுதான் என் அன்றாட வேலை. அதனால் அந்த 30 டிகிரி அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு தாளை எடுத்து உருளையாகச் சுற்றி, ரப்பர் மரமாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒட்டுக்கன்றாக நட்ட மரம், ஒட்டுக்கட்டிய இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்தால் வெட்டுக்குத் தயார். அதற்கு ஏறக்குறைய 7 வருடம் ஆகும். வெட்டு மரத்தின் பாதிச் சுற்றைத்தான் சுற்றி வரும், அதாவது 25 சென்டிமீட்டர். மரத்தில் பார்த்தால் அது சுருளாக இறங்குகிறது. பட்டையை உரித்து மேசை மேல் விரித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அளவியல் பாடத்தில் உருளையின் வளைபரப்பைச் செவ்வகமாக விரிப்போமே, அதேதான். சுருள் இப்போது நேர்கோடு. ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். அடிப்பக்கம் 25, கோணம் 30 டிகிரி. இறக்கம் 25 பெருக்கல் 0.577, ஏறக்குறைய 14.4 சென்டிமீட்டர். வெட்டின் நீளம் ஏறக்குறைய 28.9 சென்டிமீட்டர். இதுவரை டீச்சரின் கணக்கு.

சரி, சரிவைக் கூட்டினால் வெட்டு நீளும், நீளமான வெட்டில் பால் கூடுதலாக வருமா? பார்வைக்கு வரும் என்றுதான் தோன்றும். ஆனால் பால்குழாய்கள் செங்குத்தாக நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால், விரித்த பட்டையில் அவை நெட்டுக்கோடுகள். 25 சென்டிமீட்டர் அகலத்துக்குள் எத்தனை கோடுகள் இருக்கின்றனவோ அத்தனையைத்தான் எந்தச் சரிவில் வெட்டினாலும் அறுக்க முடியும். 10 டிகிரியில் வெட்டினாலும் 60 டிகிரியில் வெட்டினாலும் எண்ணிக்கை ஒன்றுதான். சரிவு கூடினால் பட்டைதான் வீணாகும். இதைத் தாளில் கண்டதும் நான் எழுந்து நடந்தேன்.

ஆனால் குழாய்கள் சரியான செங்குத்தில் இல்லை. மேலே போகப் போகக் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, சராசரியாக மூன்றரை டிகிரி அளவுக்கு. அதனால்தான் வெட்டு இடது மேலிலிருந்து வலது கீழாக இறங்குகிறது. இப்படி இறங்கினால் குழாய்களின் சாய்வுக்கு எதிராக வெட்டு போகிறது. 14.4 சென்டிமீட்டர் இறக்கத்தை மூன்றரை டிகிரியின் டேன் மதிப்பால் பெருக்கினால் 0.9 சென்டிமீட்டர் வருகிறது. அதாவது கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கிற குழாய்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. திசையை மாற்றி வலது மேலிலிருந்து வெட்டினால் அதே அளவு குறையும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஏழு. தினக்கூலிக் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை.

அப்போது 30 எங்கிருந்து வருகிறது? சார் சொன்னதுதான் மிச்சப் பதில். சரிவு குறைந்தால் பால் வெட்டின் வாயில் தேங்கி, பட்டை மேல் வழிந்துவிடும். கூடினால் அடிப்பட்டை வீணாகும். ஒட்டு மரத்தின் பட்டை மெல்லியது, வெட்டின் விளிம்பில் பால் நிற்க இடம் குறைவு, அதனால் சரிவு அதிகம் வேண்டும், 30 டிகிரி. விதைக்கன்று மரத்தின் பட்டை தடிமன், அதற்கு 25 டிகிரியே போதும். ரப்பர் தோட்டக்காரர்கள் பின்பற்றுகிற அளவுகள் இவை. கேள்வியில் ஒரு பாதி டீச்சரின் பலகையில் இருந்தது, இன்னொரு பாதி சாரின் பலகையில் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பலகை முன்னால் நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்கு முழுப் பதில் கிடைத்திருக்கும். அதுவும் எப்படிப்பட்ட பதில்! சாய்வு, உருளையின் வளைபரப்பு, முக்கோணவியல், திசுவியல், விறைப்பு அழுத்தம் என ஐந்து பாடங்களின் திருப்புதல் அந்த ஒரு பட்டைக்குள் அடங்கியிருக்கிறது.

போர்ஷன் முடியுமா?

இதைத் தலைமையாசிரியையிடம் தாளோடு போய்ச் சொன்னேன். வாரத்தில் ஒரு பீரியடு, வெள்ளிக்கிழமை கடைசி என்றாலும் பரவாயில்லை, கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரே வகுப்பில் நிற்கட்டும். பாடம் வேண்டாம், பிள்ளைகளின் கேள்வி மட்டும் போதும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதி வைத்த கேள்விகள்.

அவர் முதலில் கேட்டது, போர்ஷன் என்னாவது? நியாயமான கேள்வி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம், 91.75 சதவீதம், நம் மாவட்டத்துக்குத்தான். பொதுத்தேர்வில் நல்ல பெயர் எடுத்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே ஒவ்வொரு தலைமையாசிரியரின் தலையிலும் இருக்கிறது. ஒருவர் நடத்த வேண்டிய நேரத்தில் இரண்டு பேரை நிறுத்தினால் இன்னொரு வகுப்பு ஆசிரியர் இல்லாமல் கிடக்கும் என்றார். அதையும் மறுக்க முடியாது.

நான் சொன்ன பதில் இதுதான். திருப்புதல் காலத்தில் ஒரே பாடத்தை நான்கு முறை திருப்புகிறோம். நான்காவது முறையில் பிள்ளைகளுக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அந்த நான்காவது முறையைத்தான் நான் கேட்கிறேன். ஆள் பற்றாக்குறைக்கு, இரண்டு பிரிவுகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் இரண்டு ஆசிரியர்களும் இரண்டு பிரிவுகளும் சரியாகப் போயிற்று. அவர் சிரித்தார். "வரைபடக்காரர் கால அட்டவணையையும் வரைஞ்சுட்டு வந்திருக்காவ" என்றார்.

இதற்குச் சரக்கு கிடைக்குமா என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. ரப்பருக்கு அப்புறம் என்ன? குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வேண்டியதே இல்லை. பள்ளி திறக்கிற ஜூன் மாதம் 21-ஆம் தேதி வாக்கில் பகல் 12.20-க்கு முற்றத்தில் 1 மீட்டர் கம்பு நட்டால் நிழல் தெற்கே விழும், நீளம் 27 சென்டிமீட்டர். சூரியன் அப்போது நமக்கு வடக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அதே கம்பின் நிழல் வடக்கே 61 சென்டிமீட்டருக்கு மேல் போகும். இந்த இரண்டு அளவையும் கையில் வைத்துக்கொண்டு டேன் அட்டவணையைத் திறந்தால், பூமியின் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறது என்ற இரண்டும் பத்தாம் வகுப்புப் பிள்ளையாலேயே கண்டுபிடிக்க முடியும். முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் இருக்கிற ஆற்றல் எட்டு மடங்கு ஆகும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஒரு படிக்குறியே சொல்லிவிடும். மணவாளக்குறிச்சிக் கரையில் கரு மணலை எடுத்துக் காந்தத்தைக் காட்டினால் ஒரு பகுதி ஒட்டும், ஒரு பகுதி ஒட்டாது. அங்கிருந்து தனிம வரிசை அட்டவணையில் தோரியம் வரை போகலாம். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகிறது. தண்ணீர் ஓட எவ்வளவு சரிவு போதும் என்ற கேள்வி, ரப்பர் மரத்தின் கேள்விக்கு அண்ணன் முறை.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விரித்த தாளை நான் டீச்சரிடமும் சாரிடமும் கொடுத்தேன். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருவரும் அதை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். குழாய்கள் வலது பக்கம்தான் சாய்கின்றனவா என்று சாருக்குச் சந்தேகம். புத்தகத்தைத் தேடிப் பார்த்து ஒப்புக்கொண்டார். குழாய்கள் செங்குத்தாக நின்றால் 60 டிகிரியில் வெட்டினாலும் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதை டீச்சர் முதலில் நம்பவில்லை, தானே வரைந்து பார்த்துவிட்டு, "இது எனக்கே தெரியாதே" என்று என்னைப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றார் சார். வேண்டாம், வகுப்பு முழுவதற்கும் சேர்ந்து சொல்லலாம், நீங்களும் வாங்க என்றார் டீச்சர். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் டீச்சரின் பீரியடுக்கு சாரும் போயிருக்கிறார், அவள் அப்பாவின் வெட்டுக்கத்தி ஒன்றும் வகுப்புக்கு வந்திருக்கிறது.

அது ஒரு நாள், இரண்டு நல்ல மனிதர்களின் விருப்பத்தில் நடந்தது. அவர்களில் ஒருவருக்கு மாறுதல் வந்தால் நின்றுவிடும். கால அட்டவணையில் ஒரு கட்டமாக இருந்தால் நிற்காது. ஜூனில் புது அட்டவணை போடும்போது பார்க்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். நான் விடப்போவதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இதைக் கேட்டுப் பாருங்கள், செலவு எதுவும் இல்லை, இரண்டு ஆசிரியர்களின் ஒரு பீரியடு மட்டும்தான்.